ஐந்திலிருந்து ஏழு வரை

ஆகஸ்ட் 18, திங்கள்

"எதைச் செஞ்சாலும் தேதி போட்டு எழுதி வை பெல்சியா. எங்க கெடுத்தோம்னு தெரிஞ்சாத்தான் சரி பண்ண முடியும்" என்று மும்தாஜ் அக்கா சொன்னார். தூத்துக்குடியில் அவருடைய கணினி மையத்தில்தான் எனக்கு வேலை. அதற்காகத்தான் இந்த நோட்டு. எங்கள் குடும்பங்களின் போன் குழுவில் தானாகப் பாட்டு ஓடவிடும் பாட் ஒன்றை வைப்பதற்கான குறிப்பு மட்டும் இதில் இருக்கும். வேறு எதையும் எழுதுவதாக இல்லை.

நிலவரம் இது. என் வீட்டுக்காரர் ரெஜினால்டு ஆயிலராக, இன்ஜினுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொள்ளும் ஆளாக, வேலை பார்க்கும் சரக்குக் கப்பல், வளைகுடாவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. ஐந்து மாதமாகிறது. கப்பல் முதலாளி போனை எடுப்பதில்லை. கப்பலை ஆளில்லாமல் விட்டு யாரும் இறங்கக் கூடாது என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். மொத்தம் பதினோரு பேர். கேப்டனும் இன்னும் மூன்று பேரும் வெளிநாட்டவர்கள். மற்ற ஏழு பேரும் நம் பக்கத்து ஆட்கள். அதில் நான்கு பேர் ரெஜினால்டு சொல்லிச் சேர்ந்தவர்கள்.

டீசல் குறைவு என்பதால் ஜெனரேட்டரை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓட்டுகிறார்கள். நம் நேரப்படி மாலை ஐந்திலிருந்து ஏழு வரை. போன் சார்ஜ், சமையல், எல்லாம் அதற்குள். மாலுமிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று கொடுத்த சிம் கார்டு, கப்பலில் கூட வேலை பார்க்கும் பிலவேந்திரன் அண்ணன் போனில் இருக்கிறது. மற்றவர்கள் அவர் போன் வழியாக இணையத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். அந்த இரண்டு மணி நேரம் குடும்பங்களும் அவர்களும் குழுவின் குரல் அரட்டையில் கூடுகிறோம். பேச்சு எப்படித் தொடங்கினாலும் யாராவது அழுவதில் போய் நிற்கிறது.

நேற்று தெய்வானைதான் சொன்னாள். கப்பல் சமையல்காரர் செங்கேணியின் மனைவி. கடலூர்ப் பக்கம். ஆறு மாதக் கர்ப்பம். அவர் கப்பல் ஏறிய பிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்கிறது. "தினம் அழுவுறதுக்குப் பதிலா எல்லாரும் சேந்து ஒரு பாட்டு கேக்கலாமேக்கா. நீங்கதான் கம்ப்யூட்டர் வேலைல இருக்கீங்க, எதுனா பண்ணுங்க."

பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ரெஜினால்டு தினமும் அரட்டைக்கு வருகிறார். கேட்டுக்கொண்டிருக்கிறார். பேசுவதில்லை. பத்தாம் தேதியிலிருந்து அவர் போனில் மைக் சரியில்லை. "சாப்பிட்டாச்சு" என்று எழுதி அனுப்புகிறார்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று கற்றது. பாட் என்பது ஒரு நிரல். குழுவில் யாராவது எண்ணைத் தட்டினால் அந்தப் பாட்டை அரட்டையில் ஓடவிடும். ஆனால் பாட் தானாகக் குரல் அரட்டைக்குள் நுழைய முடியாது. அதற்கு ஆள் பெயரில் ஓர் உதவிக் கணக்கு வேண்டும். என்னுடைய இரண்டாவது சிம்மில் ஒன்றைத் தொடங்கினேன். அந்தக் கணக்கின் செஷன் சாவியை, நீளமான ஒரு எழுத்துக் கோவை, நிரலுக்குள் ஒட்ட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கிளவுட் சர்வரில் ஏற்ற வேண்டும். என் மடிக்கணினியில் ஓடவிட்டால் கரண்டு போனதும் பாட்டும் போய்விடும்.

ஆகஸ்ட் 23, சனி

பதினான்கு முறை ஏற்றினேன். பதினான்கு முறையும் விழுந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்தேன். ஒலிக் கோப்பை மாற்றித் தரும் மென்பொருள் அந்தச் சர்வரில் இல்லவே இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. ஒரே ஒரு வரி. மூன்று நாள் போனது அதற்கு.

கையில் பாட்டு எதுவும் தயாராக இல்லாததால் என் குரலையே பதிந்து முதல் கோப்பாக வைத்தேன். "சோதனை. ஒண்ணு, ரெண்டு, மூணு. கேக்குதா? கேட்டா சொல்லுங்க." பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. ஐந்தரை மணிக்கு ஓடவிட்டேன். கடலின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரே கூச்சல். செங்கேணி, "கேக்குதுக்கா. குக்கர்ல என்ன, பருப்பா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

ரெஜினால்டு கைதட்டும் பொம்மை ஒன்று அனுப்பினார்.

ஆகஸ்ட் 27, புதன்

சந்தோஷம் மூன்று நாள்தான். பாட் பாட்டுகளை எடுக்கும் இணையதளம் இனி தர மாட்டேன் என்கிறது. கேட்பது வீட்டுக் கணினி இல்லை, எங்கோ இருக்கும் சர்வர் என்று அது கண்டுபிடித்துவிட்டது. மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்கிறது. பாட் எப்படி நிரூபிக்கும்?

இன்று ஐந்து மணிக்குப் பாட்டு இல்லை. பிலவேந்திரன் அண்ணன் குடிதண்ணீர் பற்றிச் சொன்னார். மழைக்குத் தார்ப்பாய் கட்டி வைத்திருக்கிறார்களாம். அங்கே இந்த மாதத்தில் மழை வராது என்பது எல்லாருக்கும் தெரியும். 

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வெளியிலிருந்து எடுக்காமல் நாமே ஒலிகளைப் பதிந்து ஏற்றினால் என்ன என்று தோன்றியது. வீட்டுக்கு ஒன்று கேட்டேன். வந்து குவிந்துவிட்டது. பிலவேந்திரன் அண்ணனின் மகள் கோயில் பாடற்குழுவில் பாடியது. ஒரு வீட்டில் மாடு கத்துவது. உவரியிலிருந்து ஒருவர் அலைச் சத்தம் அனுப்பியிருந்தார். அதை மட்டும் எடுத்துவிட்டேன். அவர்களுக்கு அலைக்கு என்ன குறை?

தெய்வானை அனுப்பியதுதான் எல்லாவற்றிலும் மேல். ஸ்கேன் எடுத்தபோது குழந்தையின் இதயத் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்க வைத்தார்களாம். டாக்டரம்மாவிடம் கெஞ்சி அதைப் பதிந்துவிட்டாள். ஒரு குட்டிக் குதிரை ஓடுவது போல இருக்கிறது. நாற்பது விநாடி. அதை ஓடவிட்டேன். முடிந்ததும் செங்கேணி மெதுவாக, "இன்னொரு தடவ போடுங்கக்கா" என்றார்.

ஆறு தடவை போட்டோம்.

செப்டம்பர் 3, புதன்

இன்று பாட் தூங்கிவிட்டது. இலவச சர்வர் என்பதால் கால் மணி நேரம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் அதை அணைத்துவிடுகிறார்கள். எழுப்பினால் எழும், ஆனால் யாராவது எழுப்ப வேண்டும். நான் மையத்தில் ஒரு ஆளுக்கு வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஐந்து இருபதுக்குத்தான் பார்த்தேன். இருபது நிமிடம் வீண்.

நாலே முக்காலுக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.  அதற்குப் பிறகு ஏழு மணிக்குள் மட்டும் சர்வர் பக்கத்தைத் திறந்து பச்சைப் புள்ளி எரிகிறதா என்று இருபது தடவையாவது பார்த்திருப்பேன். மும்தாஜ் அக்கா கீபோர்டைப் பிடுங்கி வைத்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பாட் தானாக எழுதி வைக்கும் பதிவேட்டில், அதாவது லாகில், ஒரு விநோதம். யார், எப்போது, எந்த ஒலியைக் கேட்டார்கள், அப்போது அரட்டையில் எத்தனை பேர் என்று லாகில் பதிவாகும். நாங்கள் எல்லாரும் ஆறே முக்காலுக்குக் கிளம்பிவிடுவோம். அதற்குப் பிறகு, ஆறு ஐம்பத்தாறு வாக்கில், ஒரு கணக்கு தினமும் வருகிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும். கேட்பது முதல் கோப்பு. என் சோதனைப் பதிவு. கேட்டவர்கள்: 1.

ஆகஸ்ட் 25-லிருந்து ஒரு நாள் விடாமல்.

கப்பலில் யாரோ பொழுது போகாமல் செய்கிறார்கள். அல்லது பாட் நிரலில் ஏதோ கோளாறு.

செங்கேணியைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது. முன்போலக் கிண்டல் இல்லை. இதயத் துடிப்பை ஓடவிட்டதும் எழுந்து போய்விடுகிறாராம். அதை நான் தெய்வானையிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

சர்வரில் இடம் போதவில்லை. வேண்டாத கோப்புகளை அழித்தேன். சோதனைப் பதிவையும்.

செப்டம்பர் 13, சனி

நேற்று ஆறு ஐம்பத்தைந்திலிருந்து ஏழு மணி வரை அந்தப் புள்ளிக் கணக்கு முதல் கோப்பைப் பதின்மூன்று தடவை கேட்டிருக்கிறது. பதின்மூன்று தடவையும் "கோப்பு இல்லை" என்று பாட் பதில் சொல்லியிருக்கிறது. பிறகு ஜெனரேட்டர் நின்றிருக்கும்.

மடிக்கணினியில் பிரதி இருந்தது. திரும்ப ஏற்றிவிட்டேன்.

அந்தக் கணக்கு யாருடையது என்று பிலவேந்திரன் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

காலையில் தெய்வானை போன் செய்தாள். சுற்றி வளைத்துப் பேசினாள். கடைசியில், "அக்கா, உங்க வீட்டுக்காரரு சரியா சாப்பிடுறதில்லையாம். தட்டுல போட்டத அப்படியே பக்கத்துல இருக்குறவங்க தட்டுல தள்ளிடுறாராம். நாள் பூரா இன்ஜின் ரூம்லயே உக்காந்திருக்காராம். இவர் சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள்.

"தெரியும். அவிய எப்பவுமே அப்படித்தான்" என்றேன்.

எனக்குத் தெரியாது. மாலையில், "சாப்பிட்டீயளா?" என்று எழுதினேன். "சாப்பிட்டாச்சு" என்று வந்தது.

செப்டம்பர் 18, வியாழன்

கடைசியில் ஒரு செய்தி. சங்கத்தார் துறைமுக அலுவலகத்தில் பேசி அனுமதி வாங்கியிருக்கிறார்கள். ஏழு பேர் ஊருக்குப் போகலாம். கப்பல் நீதிமன்றம் வழியாக விற்கப்படும் வரை நான்கு பேர் மட்டும் கப்பலில் இருந்தாக வேண்டும். கேப்டனும் தலைமை இன்ஜினியரும் எப்படியும் இருப்பார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவர் சமையல் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று கேப்டன் சொல்கிறார்.

அதைக் கேட்டதும் தெய்வானை அரட்டையை விட்டுப் போய்விட்டாள்.

திங்களுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். ஞாயிறு மாலை குடும்பங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்யலாம் என்று பிலவேந்திரன் அண்ணன் சொன்னார்.

ரெஜினால்டுக்குத் தனியாக எழுதினேன். "என்ன நினைக்கீய?" என்று. "பார்க்கலாம்" என்று பதில். இருக்க வேண்டாம், வந்துவிடுங்கள் என்று எழுதி வைத்து, அனுப்பாமல் அழித்தேன். இன்னொரு வீட்டுக்காரரை இருக்கச் சொல்வதற்கு அது சமம் என்று பட்டது. அதனால்தான் அழித்தேன்.

செப்டம்பர் 20, சனி

 நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்து இருபதுக்கு எல்லாரும் கூடியிருந்தோம். பிலவேந்திரன் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று பாட் தானாக ஓடத் தொடங்கியது. பாட்டு இல்லை. கேட்கக் கூசும் சத்தம், காது கிழியும் அளவுக்கு. வீடுகளில் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். நிறுத்தச் சொல்லித் தட்டினேன், நிற்கவில்லை. சர்வரையே அணைத்தேன், அப்போதும் நிற்கவில்லை. ஓடவிட்டது என் பாட் இல்லை. வேறு எவனோ என் உதவிக் கணக்கின் சாவியை எடுத்து வேறு எங்கிருந்தோ ஓட்டிக்கொண்டிருந்தான். பிறகு குழுவிலிருந்து ஒவ்வொரு பெயராக மறையத் தொடங்கியது. தெய்வானை போனாள். செங்கேணி போனார். பிலவேந்திரன் அண்ணன் பேசிக்கொண்டிருந்தபடியே போனார். கடைசியாக நான்.

பாட்டுகளை மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று உதவிக் கணக்குக்குக் குழுவின் முழு அதிகாரத்தையும் நான்தான் கொடுத்திருந்தேன். சாவியை மறைவாக வைக்காமல் நிரலுக்குள்ளேயே ஒட்டி, அந்த நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கும் இடத்தில் சேமித்து வைத்ததும் நான்தான். முதல் நாளே எச்சரிக்கை வந்திருக்கிறது. மின்னஞ்சலைப் பார்க்கவில்லை.

குழு அழிந்துவிட்டது. குழுவில் இருந்த பதிவுகள் எல்லாம் அதோடு போயின. இலவச சர்வரை அணைத்ததில் அதில் ஏற்றியிருந்த கோப்புகளும் அழிந்துவிட்டன.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையிலிருந்து ஒவ்வொரு வீடாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். பிலவேந்திரன் அண்ணனின் மனைவி, "பிள்ளைய வச்சுக்கிட்டுக் கேட்டோம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். உதவிக் கணக்கை எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றினேன். புதுக் குழு தொடங்கி இணைப்பு அனுப்பினேன். யாரும் அதைத் தொடவில்லை. பயம்.

தெய்வானையின் போனில் இதயத் துடிப்புப் பதிவு இல்லை. இடம் போதாமல் எப்போதோ அழித்திருக்கிறாள். குழுவில் இருக்கிறதே என்று நினைத்திருக்கிறாள். என் பிரதியில் அது அரைகுறையாகத்தான் இருக்கிறது, நான்கு விநாடி. "அந்தச் சத்தம் போயிடுச்சாக்கா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐந்து மணிக்குப் புதுக் குழுவில் நான் மட்டும் ஏழு வரை உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 22, திங்கள்

ரெஜினால்டுக்கு மூன்று தடவை எழுதினேன். படித்ததற்கான அடையாளம் இருக்கிறது. பதில் இல்லை.

செப்டம்பர் 24, புதன்

மையத்தில் இருந்தபோது தெய்வானை அழைத்தாள். வெளியே வந்து எடுத்தேன். அழுதுகொண்டே பேசினாள்.

"அக்கா, நான் அன்னைக்கு உங்ககிட்ட முகம் குடுக்காம பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க. உங்க ரெண்டு பேரையும் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா?" என்றேன்.

"ரெஜினால்டு அண்ணன் பண்ணினதுதான். ஞாயித்துக்கிழமை கேப்டன் எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டாராமே. குடும்பத்தோட பேச வழியில்லாமப் போச்சு, இப்பவே சொல்லுங்கன்னு. சமையல்காரன் இருந்துதான் ஆகணும்னதும் இவர் தலையத் தொங்கப் போட்டுட்டாராம். அண்ணன்தான் முதல்ல கை தூக்கினாராம். இன்ஜின் வேலையும் பாக்குறேன், சமையலும் பாக்குறேன், செங்கேணிய அனுப்பிடுங்கன்னு. உங்ககிட்ட கேக்காமயா சொல்லியிருப்பாரு? எப்படிக்கா உங்களுக்கு மனசு வந்துச்சு?"

மையத்தின் வாசலில் ஒரு ஆள் கையில் ரேஷன் கார்டுடன் நின்றிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே, "பிள்ளை பிறக்கும்போது அவர் பக்கத்துல இருக்கணும்லா" என்றேன்.

பிறகு உள்ளே வந்து அந்த ரேஷன் கார்டு வேலையை முடித்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

குழு அழியாமல் இருந்திருந்தால் ஞாயிறு மாலை நானும் அரட்டையில் இருந்திருப்பேன். என் முன்னால் அவர் கை தூக்கியிருக்க மாட்டார். காலையிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சாவியைத் திறந்து போட்ட என் கவனக்குறைவுதான் அவரை அங்கே நிறுத்திவிட்டது என்று.

அதுவும் பொய். இந்த நோட்டில் ஒரு பொய் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

அவர் போனில் மைக் கெடவில்லை. ஆகஸ்ட் பத்தாம் தேதி அரட்டையில் எல்லாரும் இருந்தார்கள். அரிசி தீரப்போகிறது என்று பேச்சு. தெய்வானை அழுதாள். ரெஜினால்டு, "கவலப்படாதம்மா, எல்லாம் சரியாயிரும்" என்றார். எனக்கு என்ன வந்ததோ. "எல்லாரையும் நல்ல கப்பல், வாங்க வாங்கன்னு கூட்டிட்டுப் போனது நீங்கதானே. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பாவம் நம்ம தலையிலதான் விடியும்" என்றேன். இருபது பேர் கேட்டார்கள்.   அவர் பெயருக்குப் பக்கத்தில் மைக் குறியின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அதன் பிறகு அது அகலவே இல்லை.

யார் கேட்டாலும் மைக் சரியில்லை என்று நான்தான் சொன்னேன். அவர் அதை மறுக்கவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

புதுக் குழுவுக்கு ஒவ்வொருவராக வரத் தொடங்கிவிட்டார்கள். எல்லாருக்கும் ஆறு மணி என்று எழுதினேன். அவருக்கு மட்டும் ஐந்து மணி என்று எழுதினேன். மும்தாஜ் அக்காவிடம் கேட்டுக்கொண்டு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐந்து ஐந்துக்கு அவர் பெயர் வந்தது. சிவப்புக் கோட்டுடன்.

"நான் மட்டும்தான் இருக்கேன்" என்றேன். "வேற யாரும் இல்ல."

கோடு போனது. காற்றுச் சத்தம் கேட்டது.

"பெல்சி" என்றார்.

நாற்பத்தேழு நாள் கழித்து. 

"மைக் சரியாயிட்டா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அது நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும்." பிறகு சொன்னேன். "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதுவும் எல்லாரும் கேக்கும்போது."

"நீ சொன்னதுல தப்பு என்ன இருக்கு? செங்கேணி வரலைன்னுதான் சொன்னான். நான்தான் நாலு தடவ போன் போட்டுக் கூப்பிட்டேன்."

"அதுக்காக அங்கயே இருந்துருவீயளா? நான் சொன்னதுக்கு எனக்குத் தண்டனையா?"



"கோவத்துல கை தூக்கல பெல்சி. அவன் தெனமும் அந்தப் பிள்ளை சத்தத்தக் கேட்டுட்டு எந்திரிச்சுப் போவான். போய் அரிசி கழுவுவான். கழுவிக்கிட்டே விரல மடக்கி மாசத்த எண்ணுவான். நான் பக்கத்துல நிப்பேன். எத்தன நாள் அதப் பாத்துக்கிட்டு நிக்க முடியும்?"

"நான் எத்தன மாசம் எண்ணணும்?"

"தெரியலயே."

"பயமா இருக்கா?"

"இருக்கு" என்றார். "வாயத் தொறந்தா இதச் சொல்லிருவேன்னுதான் பேசாம இருந்தேன். நான் கூட்டிட்டு வந்தவன். நானே பயந்து பேசினா அவன்க என்ன ஆவான்க?"

"கடைசி அஞ்சு நிமிசத்துல தனியா வந்து கேக்குறது நீங்கதானே?"

 "நீ கேக்குதான்னு கேப்ப. நான் கேக்குதுன்னு சொல்லுவேன். மைக்க அணைச்சுட்டுத்தான்."

  இருவரும் அரட்டையை விட்டுப் போகவில்லை. ஆறு மணிக்கு மற்றவர்கள் வந்தபோது செங்கேணி, "அண்ணே, உங்க மைக் வேல செய்யுது" என்றார்.

"ஆமாடே, சரியாயிட்டு" என்றார் இவர்.

அக்டோபர் 4, சனி

ஏழு பேரும் இறங்கினார்கள். படகில் ஏறியதும் செங்கேணி போனைத் தூக்கிக் காட்டினார். கப்பல் தளத்தில் நான்கு உருவங்கள், இவரும் மூன்று வெளிநாட்டவர்களும். தூரத்தில் யார் யாரென்று தெரியவில்லை. நான்கு பேரும் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 7, செவ்வாய்

புதிதாகப் பாட் ஏற்றினேன். சாவி நிரலில் இல்லை, சர்வரின் ரகசியப் பெட்டியில் இருக்கிறது. உதவிக் கணக்குக்கு அரட்டையில் நுழைவதைத் தவிர வேறு அதிகாரம் இல்லை. இரண்டு கட்டக் கடவுச்சொல். கப்பலில் கேப்டன் தன் ஊர்ப் பாட்டு வேண்டும் என்று கேட்டாராம். அவர் மகளே அனுப்பிவைத்தாள். மொழி புரியவில்லை. ரெஜினால்டு தினமும் சமைத்ததைச் சொல்கிறார். இன்று பருப்பு அடிப்பிடித்ததாம். கேப்டன் அதையும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாராம்.

அக்டோபர் 21, செவ்வாய்

அங்கே பலத்த காற்று. ரெஜினால்டு ஐந்து மணிக்கு அரட்டைக்கு வரவில்லை.

அக்டோபர் 22

வரவில்லை. பாட் நன்றாக ஓடுகிறது. பச்சைப் புள்ளி எரிகிறது. அரட்டையில் நானும் உதவிக் கணக்கும்.

அக்டோபர் 23

வரவில்லை. சங்கத்துக்கு அழைத்தேன். கப்பல் இடத்தில்தான் இருக்கிறது, நங்கூரம் பிடித்து நிற்கிறது என்றார்கள். ஆட்கள் எப்படி என்று கேட்டேன். படகு போக முடியவில்லை என்றார்கள்.

அக்டோபர் 24

வரவில்லை. தெய்வானையும் செங்கேணியும் ஐந்து மணிக்கு அரட்டைக்கு வந்தார்கள். "நீங்க தனியா உக்காந்திருப்பீங்கன்னுதான்கா" என்றாள். மூன்று பேரும் ஏழு வரை இருந்தோம். பிலவேந்திரன் அண்ணனும் மனைவியும் வந்தார்கள். பிறகு மற்ற நான்கு வீடுகளும். 

அக்டோபர் 25, சனி

ஐந்து நாற்பதுக்கு வந்தார். பிலவேந்திரன் அண்ணன் விட்டுவந்த போனில் தண்ணீர் புகுந்துவிட்டதாம். சிம்மை எடுத்துக் காயவைத்து வேறு போனில் போட நான்கு நாள் ஆகியிருக்கிறது. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் நான் கேட்டேன், பயமாக இருந்ததா என்று. "இருந்துச்சு" என்றார் உடனே. அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

நவம்பர் 5, புதன்

தெய்வானைக்குப் பெண் குழந்தை. சுகப் பிரசவம். செங்கேணி அழுகைச் சத்தத்தைப் பதிந்து அனுப்பினார். ஐந்து மணிக்கு ஓடவிட்டேன். கேப்டன் அவர் மொழியில் ஏதோ ஆசீர்வாதம் சொன்னார்.

டிசம்பர் 9, செவ்வாய்

கப்பல் விற்றாகிவிட்டது. புது ஆட்கள் ஏறப்போகிறார்கள். நான்கு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார்கள் என்று சங்கத்திலிருந்து சொன்னார்கள். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

டிசம்பர் 13, சனி

மதுரை விமான நிலையத்துக்கு நான் தனியாகத்தான் போவதாக இருந்தேன். போய்ப் பார்த்தால் செங்கேணி அங்கே நிற்கிறார். விடியற்காலையில் எழுந்து சமைத்து, பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் நான்கடுக்குத் தூக்கு. நேரில் அவரை அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். "தெய்வானையும் வரேன்னா. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு வேணாம்னுட்டேன்" என்றார்.

ரெஜினால்டு வந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. என்னைப் பார்த்துவிட்டு நின்றார். நான் போய் அவர் பையை வாங்கிக்கொண்டேன். 

கார் நிறுத்துமிடத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் செங்கேணி தூக்கைப் பிரித்தார். சோறு, மீன் குழம்பு, வாழைக்காய் வறுவல், ரசம். இவர் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். நாங்கள் இருவரும் நின்றுகொண்டு பார்த்தோம். முதல் தட்டு முடியும்வரை தலை நிமிரவில்லை. செங்கேணி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். 

"உப்பு எப்படிண்ணே இருக்கு?"

இவர் மென்றுகொண்டே யோசித்தார்.

"கொஞ்சம் தூக்கல்டே" என்றார்.

செங்கேணி முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். இவர் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.